உப்புவெளியில் ஓர் அறை

1

இந்தக் கதை, ஒரு பயணக் கட்டுரை செத்த இடத்தில் பிறந்தது.

ஒஸ்லோவில் பயணச் சஞ்சிகை நடத்தும் ஒருத்தி என் குடும்பப் பெயரைப் பார்த்துவிட்டு, 'திருகோணமலைக் குடாவில் செய்யவேண்டிய பத்து விஷயங்கள்' எழுதித் தரமுடியுமா என்று கேட்டாள். 'யாரும் தொடாத கடற்கரை' என்ற சொற்கள் கட்டாயம் வரவேண்டுமாம். யாரும் தொடாத கடற்கரையில் விடியற்காலையில் குப்பை பொறுக்குவது யார் என்று கேட்டேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் முடித்த முதல் ஆள் நான். எழுத்து வேலை எதுவானாலும் என் தலையில்தான் விழும். எழுத உட்கார்ந்தேன்.

இயற்கை அன்னையின் மடியில் தவழும் திருகோணமலை

(இந்த வசனம் இப்படியே கிடக்கட்டும். இயற்கை அன்னையோடு தொடங்கும் எதையும் நான் முடிக்கமாட்டேன்.)

குசினிக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். "அம்மா, திருமலைக்குப் போனால் என்ன செய்யலாம்?"

அம்மா கோழி வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவேயில்லை. "ஹோட்டலிலை படுக்கலாம்."

2

அம்மாவுக்கு மனோகரி என்று பெயர் வைத்திருக்கிறேன். சொந்தப் பெயரைப் போட்டால் கதை அச்சாவதற்கு முன்பே திருமலையில் வழக்குத் தொடங்கிவிடும். மகளுக்குத் தர்மிகா என்று பெயர். அவள்தான் நான் என்று நினைத்தால் நினையுங்கள். அவள் என்னைவிடப் பொறுமைசாலி.

மனோகரி இருப்பது ஒஸ்லோவின் ஓரத்தில், வெஸ்ட்லியில். அதற்கு மேல் ரி-பானெ என்கிற சுரங்க ரயிலுக்குத் தண்டவாளம் இல்லை. காலையில் முதல் ஆட்களில் ஒருவராக அந்த ரயிலில் ஏறி நகரத்துக்கு இறங்குவார். அங்கே ஒரு ஹோட்டலில் அறை துப்பரவாக்கும் வேலை. மற்றவர்கள் படுத்தெழும்பிய சூடு ஆறுவதற்குள் விரிப்பை உருவ வேண்டும். குளியலறைக் கானில் சிக்கிய தலைமயிரைச் சுருட்டி எடுக்க வேண்டும். கண்ணாடியில் விரல் அடையாளம் இருக்கக்கூடாது. கடைசியாக, அப்படி ஒருத்தி உள்ளே வந்துபோனதே தெரியாமல் கதவைச் சாத்த வேண்டும்.

அவருடைய ஆசை சின்னது. குடாவைப் பார்த்த ஜன்னலுள்ள அறையில் ஓர் இரவு. காலையில் எழும்பி, கட்டிலைக் குழம்பினபடி விட்டு, துவாயை நிலத்தில் போட்டுவிட்டு வெளியே போகவேண்டும். திரும்பி வரும்போது எல்லாம் சரியாக இருக்கவேண்டும்.*

* அடிக்குறிப்பு. தர்மிகா கேட்டாள்: "அங்கையும் உங்களைமாதிரி ஒரு அக்காதானே அம்மா அந்தக் கட்டிலை விரிப்பா?" "ஓம். அவவுக்காகக் கண்ணாடியிலை ஒரு விரலும் வைக்கமாட்டன். ஆனால் துவாயைக் கீழைதான் போடுவன். அதைக் கேளாதை."

3

பிறகென்ன, போய்ப் படுக்க வேண்டியதுதானே என்று சஞ்சிகைக்காரி கேட்பாள். நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

சொந்த அண்ணன் ஊரில் வீட்டோடு இருக்கும்போது ஹோட்டலில் படுத்தால், அது அந்த வீட்டு வாசலில் காறித் துப்பியதற்குச் சமன். மச்சாள் சமைத்துத் தரமாட்டாளாம் என்று அயல் பேசும். அண்ணன் தங்கச்சிக்குள் என்னவோ பிரச்சினையாம் என்று கனடாவரை போகும். சரி, முதலில் வீட்டுக்குப் போய்விட்டுப் பிறகு ஹோட்டலுக்குப் போகலாமே? வீட்டுக்குள் ஒரு கால் வைத்தால் விமானம் ஏறும்வரைக்கும் விடமாட்டார்கள். ஆகவே ஒரே வழி, முதல் இரவே ஹோட்டல். தர்மிகா உப்புவெளிக் கடற்கரை ஹோட்டலில் ஓர் அறையைப் பதிவு செய்துவிட்டாள். அண்ணனுக்கு இன்னும் சொல்லவில்லை.

இதிலே என் வயிறு எரிகிற இடம் வேறு. போன வருடம் மனோகரியின் கணவர் அரசரத்தினம் தனியாகத் திருமலைக்குப் போனார். கூட்டாளிமாரோடு நிலாவெளியில் ஹோட்டலில்தான் படுத்தார். யாரும் மூச்சுவிடவில்லை. மனோகரி அதைச் சாடையாக அண்ணனிடம் சொல்லிப் பார்த்தார்.

"அத்தான் ஆம்பிளையடி" என்றார் அண்ணன் சச்சிதானந்தன். அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை, இரண்டு பக்கத்திலும்.

அந்த ஒரு வசனத்துக்காக அவரைக் கெட்டவனாக்கி மூன்று பக்கம் எழுதினேன். மீசை எல்லாம் வைத்தேன். நல்லாக வந்திருந்தது.

4

(சஞ்சிகைக்கு எழுதியதில் மிஞ்சியது.)

ஒன்று: கோட்டைக்குள் திரியும் மான்களைப் பாருங்கள். துவக்கோடு நிற்கும் ஆமிக்காரரையும் பார்ப்பீர்கள். சஞ்சிகையில் மானின் படம் மட்டும்தான் வரும்.

இரண்டு: கோணேசரைக் கும்பிட்டுவிட்டு, இராவணன் வெட்டில் நின்று கீழே

(கீழே கடல். வேறென்ன இருக்கும்?)

மூன்று: திமிங்கிலம் பார்க்கப் படகு ஏறுங்கள். மனோகரி அந்தக் குடாக்கரையிலேயே பிறந்தவர். கல்யாணமாகி விமானம் ஏறும்வரை ஒரு படகிலும் கால் வைத்ததில்லை. பொம்பிளைப் பிள்ளைக்குக் கடலில் என்ன வேலை என்பார்களாம். கோணேசரைக் கும்பிட்டதைத் தவிர, திருமலையில் செய்யவேண்டியவை என்று உலகத்துக்கே சொல்லப்படுகிற ஒன்றையும் இந்தத் திருமலைப் பெண் செய்ததில்லை.

நான்காவதை எழுதவில்லை. இந்த இடத்தில்தான் தொலைபேசி அடித்தது, கதைக்குள்.

5

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தாயும் மகளும் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்கள். 'அண்ணை, முதல் இரவு நாங்கள் உப்புவெளியிலை நிண்டிட்டு, அடுத்த நாள் வீட்டை வாறம்.' ஒரேயொரு வசனம். தர்மிகா போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தாள்.

"அண்ணை..."

"ஒண்டும் கதையாதை மனோ. முதல் இதைப் பார்."

திரை குலுங்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் ஓடியது. அங்கே ஒரு புது அறை. சுவரில் ஏசி. அதோடு சேர்ந்தாற்போலக் குளியலறை. வெள்ளைக் கொமட்டின் மூடியில் பொலித்தீன்கூடக் கழற்றவில்லை.

"ஒருத்தரும் பாவிக்கேல்லை. நீ வந்துதான் திறக்கவேணும்."

"மாமா, கொமட்டுக்கும் திறப்புவிழாவோ? நாடா வெட்டவேணுமோ?" என்றாள் தர்மிகா.

"வாயாடி! உனக்கு வெளியிலை பழையதுதான்" என்று சச்சிதானந்தன் சிரித்தார். பின்னாலிருந்து மச்சாள் சிவநாயகியும் சிரித்தார்.

கட்டிலின் நடுவே துவாயில் மடித்த அன்னம் ஒன்று இருந்தது. அண்ணன் மகள் ஹம்சிகா யூடியூப் பார்த்துச் செய்ததாம். கழுத்து ஒரு பக்கமாகச் சரிந்து, நித்திரை தூங்கிக்கொண்டிருந்தது.

"ஹோட்டல்மாதிரி இல்லையோ? தங்கச்சிக்கு ஹோட்டல்தான் பழக்கம், குறை தெரியக்கூடாது எண்டு பிள்ளையிட்டைச் சொன்னனான்."

(இதை எழுதிவிட்டு எழும்பிப்போய்த் தண்ணீர் குடித்தேன். பழக்கம்தான். இருபது வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு நாளும் ஹோட்டலுக்குப் போய்வருகிறவர்.)

மனோகரியின் கண் அன்னத்தில் நிற்கவில்லை. விரிப்பின் மூலையில் போய் நின்றது. அது தொங்கிக்கொண்டிருந்தது.

"ஹம்சி, அந்த மூலையைத் தூக்கு பிள்ளை. மெத்தையையும் கொஞ்சம் தூக்கு. இப்ப உள்ளை மடி. இழு... இன்னும் இழு. ஆ, இப்ப வடிவு."

"மாமி, சூப்பர்!" என்றது திரை.

"வைக்கிறன் அண்ணை" என்றார் மனோகரி. ஒத்திகை பார்த்த வசனம் சீனிப் போத்தலுக்குப் பின்னாலேயே கிடந்தது.

"அம்மா, நீங்கள் அங்கையும் வேலைக்குச் சேர்ந்திட்டீங்கள்" என்றாள் தர்மிகா.

மனோகரி சிரிக்கவில்லை.

"றூமைக் கான்சல் பண்ணவோ?"

"தொடாதை."

6

மூன்று பக்கத்தையும் அழித்தேன். பொலித்தீன் கழற்றாத கொமட்டோடு வாசலில் நிற்கும் மனிதரை எப்படிக் கெட்டவனாக்குவது? அவருடைய மீசையையும் எடுத்துவிட்டேன். 'ஆம்பிளையடி' என்றதை மட்டும் எடுக்கவில்லை. அது அவர் சொன்னது.

எழுதிப் பார்த்த முடிவுகள் இவை.

அ) மனோகரி ஹோட்டலுக்குப் போகிறார். விடிய எழும்புகிறார். அவரை அறியாமலே கை கட்டிலை விரித்துவிடுகிறது. (நீங்கள் கண்ணைத் துடைப்பீர்கள். அதனாலேயே வேண்டாம். அவர் ஒன்றும் இயந்திரம் இல்லை.)

ஆ) அண்ணன் வீட்டுக்குப் போகிறார். எல்லோரும் கை தட்டப் பொலித்தீனைக் கழற்றுகிறார். அன்பு வெல்கிறது. அடுத்த நாள் காலையில் மச்சாளுக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாதென்று, வென்ற அன்பின் குளியலறையை அவரே கழுவுகிறார்.

இ) அண்ணன் ஹோட்டலுக்கே வருகிறார். குடாவைப் பார்த்தபடி எல்லோரும் தேத்தண்ணி குடித்துச் சிரிக்கிறார்கள். (சஞ்சிகைக்காரிக்கு அனுப்பலாம்.)

மூன்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இந்த முறை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"மூண்டிலையும் நீதானே முடிவெடுத்திருக்கிறாய்?"

"பின்னை? கதை எழுதுறது நான்தானே அம்மா."

"அண்ணையும் அப்பிடித்தான். அறை கட்டினது தானாம்."

வாய்க்கு வாய் கொடுக்கத் தெரிந்தவள் என்று எனக்குப் பெயர். அன்றைக்கோ, வெங்காயத் தோலை அள்ளிக் குப்பையில் போட்டேன்.

7

ஆகவே நான் எழுதுவது இவ்வளவுதான்.

கொழும்பிலிருந்து வந்த வேன் திருமலைக்குள் நுழைகிற சந்தியில் நிற்கிறது. நேரே போனால் அண்ணன் வீடு. அங்கே காலையிலிருந்தே ஏசி ஓடுகிறது. ஹம்சிகா அன்னத்தின் கழுத்தை மூன்றாம் முறையாக நிமிர்த்துகிறாள். இடது பக்கம் திரும்பினால் உப்புவெளி. அங்கே யாரோ ஓர் அக்கா கட்டில் விரித்து, வந்துபோனதே தெரியாமல் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறாள். தர்மிகா வாயைத் திறக்கிறாள். நான் மூடிவிடுகிறேன்.

மனோகரி ஜன்னல் கண்ணாடியை இறக்குகிறார். உப்புக் காற்று உள்ளே வருகிறது.

வேன்காரர் மகேசன் திரும்பிப் பார்க்கிறார். "அக்கா, எந்தப் பக்கம்?"

உங்களுக்கு ஒரு பதில் இருக்கும். எனக்கும் இருக்கிறது, கத்தவேண்டும்போலவும் இருக்கிறது. அவருடைய அண்ணனிடமும் இருக்கிறது, கனடாவிலும் இருக்கிறது.

தயவுசெய்து எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருங்கள். கேட்டது அவரிடம்.