பெட் பக்ஸ் காக்ஸ் டவுன்

இரண்டு ஆட்கள், மருந்தடிக்கும் மெஷின் ஒன்று. காக்ஸ் டவுன் ‘இம்பீரியல் பெஸ்ட் கண்ட்ரோல்’ என்பது அவ்வளவுதான். ஆனால் யூஜினின் விசிட்டிங் கார்டைப் பார்த்தவர்கள், தென்னிந்தியக் கரப்பான்களெல்லாம் அவர் பெயரைக் கேட்டாலே மல்லாந்துவிடும் என்று நம்பினார்கள். கார்டில் அவர் மேனேஜிங் டைரக்டர். டை கட்டாமல் மூட்டைப்பூச்சியைப் பார்க்கப் போகமாட்டார்.

2007-ஆம் வருஷம் அவருக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் தொம்மலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் அட்மின் ஆபீசர் நாகேஷ். கம்பெனி காக்ஸ் டவுனில் எடுத்திருந்த இருபத்திரண்டு கெஸ்ட் ஹவுஸிலும் மூட்டைப்பூச்சி.

“எங்க பாஸ் அமெரிக்காவுல இருக்கார், சுவாமி. பதினஞ்சாந் தேதி அங்கேருந்தே கூகுள்ல ‘பெட் பக்ஸ் காக்ஸ் டவுன்’னு அடிப்பார். யார் ஃபர்ஸ்ட் வர்றாங்களோ அவங்களுக்கு ஒரு வருஷ காண்ட்ராக்ட். இதுல என் கையில ஒண்ணுமில்ல.”

யூஜின் உடனே தேடிப் பார்த்தார். இம்பீரியல் நான்காம் பக்கத்தில் இருந்தது. முதல் பக்கத்தில், முதல் ஆளாக, டிரேவர். ஆறு வருஷம் இவருடைய மருந்து டின்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்துவிட்டுத் தனிக்கடை போட்டவன்.

“பேசாம அவன்கிட்டயே ஒரு வேலை கேட்டுப் பாருங்களேன்” என்றாள் மனைவி அல்போன்சா. அவள் விளையாட்டாகச் சொன்னாலும், ஆட்கள் இரண்டு பேரும் அந்த யோசனையில்தான் இருந்தார்கள். இந்த காண்ட்ராக்ட் வராவிட்டால் டிரேவரிடம் போய்விடுவதாக மரியாதையாகச் சொல்லியும் விட்டார்கள்.

தொம்மலூரில் ஒரு பேக்கரிக்கு மேல் அறை எடுத்து, கம்பெனிகளை கூகுளில் மேலே ஏற்றிவிடும் தொழில் செய்துகொண்டிருந்தான் பிரகாஷ். யூஜின் அவனிடம் போனார்.

“இது எலெக்‌ஷன் மாதிரி, சார். மத்தவங்க சைட்லேருந்து உங்க சைட்டுக்கு ஒரு லிங்க் வந்தா, அது ஒரு ஓட்டு.”

“அந்த ஓட்டு எப்பிடி வரும்?”

“எலெக்‌ஷன்ல எப்பிடி வருமோ அப்பிடித்தான். துட்டு குடுக்கணும்.”

யூஜின் கொடுத்தார். மறுநாளே ஒரு சமையல் வலைப்பூவில், மிளகு ரசத்துக்குக் கொத்தமல்லி தூவிய கையோடு, ‘கொதிக்கும்போது கரப்பான் எட்டிப் பார்த்தால் இம்பீரியலை அழையுங்கள்’ என்று வந்தது. ஒரு கவிஞர் தன் காதலியின் நினைவு நெஞ்சைக் கரையானாக அரிப்பதாக எழுதி, கரையான் என்ற சொல்லில் இம்பீரியலுக்கு லிங்க் கொடுத்தார். நெஞ்சுக்குத் தனி ரேட்டா என்று கேட்டு யாரோ அடியில் எழுதியிருந்தார்கள். இவ்வளவுக்கும் இம்பீரியல் இரண்டாம் பக்கம் வரைதான் ஏறியது.

“இதெல்லாம் சில்லறை ஓட்டு, சார்” என்றான் பிரகாஷ். “பழைய சைட்டா, நாலு பேர் மதிக்கிற சைட்டா ஒண்ணு வேணும்.”

அப்படி ஒன்று யூஜின் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு சர்ச்சிலேயே இருந்தது. பங்குக் கோயிலின் வெப்சைட் பத்து வருஷப் பழசு. மெல்போர்னிலிருந்து டொராண்டோ வரை, ஊரை விட்டுப் போன காக்ஸ் டவுன்காரர்கள் எல்லோரும் தங்கள் சைட்டிலிருந்து அதற்கு லிங்க் போட்டு வைத்திருந்தார்கள்.

யூஜின் பங்குச்சாமி ரெமிஜியஸைப் போய்ப் பார்த்து, புது மைக் செட்டுக்குப் பணம் தருவதாகச் சொன்னார்.

“சந்தோஷம்பா. டியூப்லைட்ல உபயம் போடுற மாதிரி மைக்ல உன் பேரைப் போட்ரலாம்.”

“பேரெல்லாம் வேணாம், ஃபாதர். நம்ம வெப்சைட்ல எல்லாப் பக்கத்துலயும் தலைப்புல நாலு வார்த்தை போட்டு, கீழ ஒரு லிங்க் குடுத்தாப் போதும்.”

பேர் வேண்டாத தர்மவானை ஃபாதர் முப்பது வருஷத்தில் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்திலேயே அந்தத் தாழ்மையைப் புகழ்ந்தார். யூஜினும் தாழ்மையாகச் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். கம்ப்யூட்டர் பக்கமே போகாத ஃபாதர், நாலு வார்த்தை எழுதிய சீட்டைப் படிக்காமல் லீனாவிடம் கொடுத்தார். பாடகர் குழுவோடு வெப்சைட்டையும் பார்த்துக்கொண்டிருந்த லீனா, ஃபாதர் கொடுத்ததாயிற்றே என்று அப்படியே ஏற்றிவிட்டாள்.

பன்னிரண்டாம் தேதி யூஜின் தேடிப் பார்த்தார். டிரேவர் இரண்டாம் இடத்துக்கு இறங்கியிருந்தான். இம்பீரியல் ஐந்தாவது. முதல் இடத்தில் இப்படி இருந்தது: ‘பங்குக் கோயில், பெட் பக்ஸ் காக்ஸ் டவுன். பூசை நேரம் காலை ஆறு, ஏழரை.’

“நாம ஓட்டு கேக்கப் போனோம், சார்” என்றான் பிரகாஷ் பெருமையாக. “ஓட்டுப் போட்டவரே ஜெயிச்சுட்டார்!”

கோயில் போன் ஓயவில்லை. டபுள் கட்டிலுக்கு எவ்வளவு என்று ஒருத்தர் கேட்டார். மருந்து நாறுமா என்று ஒரு அம்மா கேட்டாள். சென்னையிலிருந்து ஒரு பெண்வீட்டார் கல்யாணத்தை வேறு கோயிலுக்கு மாற்றிக்கொண்டார்கள். சனிக்கிழமை மாலைப் பூசையில் ஜனங்கள் பெஞ்சில் உட்காராமல் கடைசி வரை நின்றார்கள். ஃபாதர் அதைப் பக்தி என்றே எடுத்துக்கொண்டார். லீனா உண்மையைச் சொன்ன பிறகுதான் யூஜினுக்கு ஆள் அனுப்பினார்.

“நீ மைக் குடுத்தியா, இல்ல மூட்டைப்பூச்சி குடுத்தியா?”

“ஃபாதர், ஒரு சின்ன டெக்னிக்கல்…”

“டையைக் கழட்டு. நூத்திருபது பெஞ்சு இருக்கு. எல்லாத்துக்கும் மருந்தடி, ஜனங்க பாக்கணும்.”

ஆட்கள் அன்றைக்கென்று போனை எடுக்கவில்லை. மேனேஜிங் டைரக்டரே பெஞ்சுக்கடியில் மல்லாந்து படுத்து அடித்தார். பெஞ்சுகளில் ஒரு பூச்சிகூட இல்லை. நூற்றிருபதையும் பார்த்த பிறகு அதை அவர் அடித்துச் சொல்ல முடிந்தது. சொன்னால் நம்பத்தான் ஆளில்லை.

லீனா தலைப்பை மாற்றி, அது கூகுளில் மாறுவதற்குள் பதினைந்தாம் தேதி வந்துவிட்டது. அமெரிக்காவில் பாஸ் தேடினார், முதலில் வந்ததை அப்படியே அப்ரூவ் செய்தார், தூங்கப் போய்விட்டார். மறுநாள் காலை நாகேஷ் போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஆர்டரை எடுத்துக்கொண்டு பங்கு அலுவலகத்துக்கே வந்தார். ஃபாதர் யூஜினையும் கூப்பிட்டுவிட்டார்.

“சார், இது கோயில்! கம்பெனி நான்தான்!” யூஜின் விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினார்.

“எனக்குத் தெரியாதா, சுவாமி? ஆனா ஆர்டர் கோயில் பேர்ல வந்தாயித்து. பேரை மாத்தணும்னா பாஸை எழுப்பி, ‘நீங்க செலக்ட் பண்ணது சர்ச்’னு சொல்லணும். எனக்கு ரெண்டு குழந்தைங்க இருக்கு.”

ஃபாதர் ஆர்டரைக் கையில் வாங்கினார். தொகை எழுதியிருந்த இடத்தில் அவர் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெதுவாக மேலே போய், ஒழுகும் கூரையைப் பார்த்தது.

“வேலையை நாங்க வேற ஆளை வச்சு முடிக்கலாமா?”

“தாராளமா, ஃபாதர்.”

ஃபாதர் கையெழுத்துப் போட்டார். நாகேஷ் கும்பிட்டுவிட்டுப் போனார். யூஜின் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“உக்காருப்பா, யூஜின்” என்றார் ஃபாதர் கனிவாக. “ஒரு ரூமுக்கு உன் ரேட் என்னன்னு பாத்துச் சொல்லு. டிரேவர் காலையிலேயே வந்து அவன் ரேட்டைச் சொல்லிட்டுப் போயிட்டான்.”