பறவைச் சந்தையின் கேள்விக்காரி

அவளுக்கு முதல் வேலை கிடைத்தபோது வீட்டில் சந்தோஷப்பட்டவர்களைவிடக் குழம்பிப்போனவர்கள்தான் அதிகம்.

"பறவைங்களைப் பத்தி ஆராய்ச்சியா?" என்று கேட்டான் அண்ணன்.

"இல்லண்ணா. பறவை விக்கிறவங்களையும் வாங்குறவங்களையும் பத்தி. ஏன் விக்கிறாங்க, ஏன் வாங்குறாங்கன்னு."

"அப்போ நீ பறவையைக்கூடப் பார்க்கப்போறதில்லயா!" என்றான். அதன்பிறகு சொந்தக்காரர்கள் யார் விசாரித்தாலும், "தங்கச்சி காட்டுப் பக்கமே போகாம காட்டைக் காப்பாத்துற வேலையில இருக்கு" என்று கதை அளந்துகொண்டிருந்தான்.

ஆய்வு நிலையத்தின் இரண்டாவது மாடியில் மூன்று மேசை போட்ட ஓர் அறை. மின்விசிறி போட்டால் காகிதம் பறக்கும், நிறுத்தினால் வியர்த்துக் கொட்டும். அங்கேதான் பேராசிரியர் நாற்பத்திரண்டு கேள்விகள் அடங்கிய கேள்வித்தாளை அவள் கையில் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் விதித்தார். "யார் பேரும் எழுதக்கூடாது. கடைக்கு ஒரு எண், அவ்வளவுதான். வாக்குக் கொடுத்துட்டுத்தான் முதல் கேள்வியே கேக்கணும்."

சந்தை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு சந்து. உள்ளே நுழைந்தாலே காது அடைத்துப்போகும். முதல் வாரம் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேள்வித்தாளைக் கண்டதுமே கடைக்காரர்களுக்கு அவசர வேலை வந்துவிடும். எட்டாவது நாள், பதினான்காம் எண் கடையிலிருந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். சந்து முழுக்க அவரைக் கூண்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சும்மா நின்னுக்கிட்டு என்ன பண்ற? இந்தக் கூண்டைப் பிடி. தண்ணி மாத்தணும்."

பிடித்தாள். கூண்டுக்குள் ஒரு மலைமைனா தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. மூன்றாவது கூண்டு முடிந்ததும் அக்கா பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார். "உக்காரு. இப்போ கேளு."

அப்படித்தான் ஆரம்பித்தது. நான்கு மாதம் அந்தப் பெட்டிதான் அவள் நாற்காலி. கேள்வித்தாளில் இல்லாத எத்தனையோ விஷயங்கள் அங்கே கிடைத்தன. மனைவி போனபிறகு வீட்டில் ஏதாவது ஒரு குரல் கேட்கட்டும் என்று மைனா வாங்க வந்தவர் ஒருவர். வாங்கியதைப் பதினைந்து நாளில் திருப்பிக் கொண்டுவந்த இன்னொருவர், "எங்கம்மா குரல்லயே என்னைத் திட்டுது" என்றார். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தையில் அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயரில் யாராவது கூப்பிட்டால் உள்ளுக்குள் குளிர்ந்துபோவாள். அதைவிட நல்ல நாட்கள் தன் வாழ்க்கையில் வரவேயில்லை என்று பிற்காலத்தில் அவளுக்குத் தோன்றியதுண்டு.

ஐந்தாவது மாதம் சோதனை வந்தது. அதிகாரிகள் நேராகப் பதினான்காம் எண் கடைக்குப் போய், விற்கத் தடையிருந்த மலைமைனாக்கள் இருந்த அத்தனை கூண்டுகளையும் வண்டியில் ஏற்றினார்கள். மறுநாள் ஓர் அதிகாரி ஆய்வு நிலையத்துக்கே வந்து அவளுடைய குறிப்பேடுகளைக் கேட்டார். பேராசிரியர் எழுந்துகூட நிற்கவில்லை.

"அந்தப் பொண்ணு வாக்குக் கொடுத்திருக்கு. நோட்டு இந்த அறையை விட்டு வெளியே போகாது."

அவள் குறிப்பேட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். அதிகாரி போனபிறகுதான் மூச்சே வந்தது. உடனே சந்தைக்கு ஓடினாள். அக்கா கதவைப் பாதி இறக்கிவிட்டு, காலிக் கூண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னும் என்ன கேக்கணும்? எல்லாத்தையும்தான் எழுதிட்டியே."

"நான் சொல்லலக்கா."

அக்கா திரும்பிப் பார்க்கவேயில்லை. கதவு முழுதாக இறங்கியது. அதற்குப் பிறகு அவள் அந்தச் சந்துக்குப் போகவில்லை. போக முகமில்லை. குற்றம் செய்யாமலே கூசிப்போன மனசு. எண் பதினான்குக்கு நேராக, "விவரம் முழுமையில்லை" என்று எழுதி ஆய்வை முடித்தாள்.

இருபத்திரண்டு வருடம் ஓடிப்போயிற்று. பேராசிரியர் ஓய்வுபெற, அவருடைய நாற்காலிக்கு அவளே வந்தாள். அதே சந்தையில் மறுபடியும் ஆய்வு செய்வதென்று முடிவானபோது, "புதுசா சேர்ந்தவங்களை அனுப்பலாமே" என்றார்கள். தானே போவதாகச் சொல்லிவிட்டாள்.

தகரக் கூரை இருந்தது. சத்தம் இல்லை. கைபேசி உறை விற்கும் கடைகளுக்கு நடுவே, பறவைத் தீனியும் மீன் தீனியும் விற்கும் கடையொன்றில் தலை நரைத்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவள் வாயைத் திறக்குமுன்பே அவர் கேட்டார்:

"கேள்விக்காரியா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"அன்னிக்குக் காட்டிக் கொடுத்தது நீ இல்லன்னு ஒரு மாசத்துலயே தெரிஞ்சுபோச்சு. எதிர்க்கடைக்காரன்தான். குடிச்சுட்டு அவனே உளறினான்."

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமேக்கா."

"எங்கேன்னு அனுப்புறது? உன் பேரு தெரியுமா, ஊரு தெரியுமா? வருவேன்னு பார்த்தேன். நீ வரல."

அக்காவே தொடர்ந்தார். "அதுக்கப்புறமும் மூணு வருஷம் வித்தேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகுது? முதல் வருஷம் மலையிலிருந்து கூடை கூடையா வரும். அடுத்த வருஷம் பிடிக்கிறவங்க பாதிக் கூடையோட வந்தாங்க. மூணாவது வருஷம் ஒருத்தன் பத்து நாள் அலைஞ்சுட்டு வெறுங்கையோட வந்து நின்னான். காடே ஊமையாயிடுச்சுக்கான்னான். அந்தப் பொண்ணு இப்போ இருந்திருந்தா இதைக் கேட்டிருப்பாளேன்னு நினைச்சுக்கிட்டேன். என்னை யாரும் கேக்கல. நானும் யார்கிட்டயும் சொல்லல."

மலைமைனா எப்போது அருகிப்போனது என்று எத்தனையோ கூட்டங்களில் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மூன்று வருடமும் இந்தச் சந்தில் ஒருவர் மனசுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. வெட்கத்தை விழுங்கிவிட்டு ஒரே ஒருமுறை வந்திருந்தால் போதும். அது அவளை அறுத்தது.

"இப்போ கேக்கட்டுமாக்கா?"

"கேளேன். எனக்கென்ன ஓடுற வேலையா?"

மத்தியானம்வரை கேட்டாள். அடுத்த சனிக்கிழமையும் போனாள், அதற்கடுத்ததும். அக்கா சொன்ன ஆட்களில் இருவரைத் தேடிப் பிடித்துப் பேசினாள். அவர்கள் சொன்னதும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போயிற்று. எட்டு மாதத்தில் அறிக்கை வெளிவந்தபோது, காலியாகத் திரும்பிய கூடைகளுக்கென்றே அதில் ஓர் அத்தியாயம் இருந்தது.

முதல் பிரதியைக் கடைக்கு எடுத்துப் போனாள். அக்கா அதை வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"எழுத்து எறும்பு மாதிரி இருக்கே. நீயே படி."

அவள் கல்லாப் பக்கத்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினாள். நடுவில் மீன் தீனி கேட்டு ஒருவர் வந்தார். "கொஞ்சம் பொறுங்க" என்று அவரைக் கையமர்த்திவிட்டு, "ம்ம், அப்புறம்?" என்றார் அக்கா.