வங்குறோத்துக்கு அறுபதாயிரம்

விடத்தல்தீவில் பெற்றிசியாவை வாய்க்காரி என்றுதான் எல்லாருக்கும் தெரியும். மீன் முதலாளி நிறுவையில் சுத்தினால் தராசோடு சேர்த்துத் தூக்கி எறிகிறவள். அப்படிப்பட்டவள் அந்த வருசம் முழுக்க, ஒழுங்கையில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டாலே குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எல்லாம் ஒரு இஞ்சினால் வந்தது. அவள் புருசன் மில்ரன் படகுக்குப் புது இஞ்சின் வேணுமென்றான். லோன் கொம்பனிக்காரர் ஆம்பிளைகளுக்குக் கடன் கொடுப்பதில்லை. பொம்பிளைகள் நாலு பேராகக் குழுச் சேர்ந்து, ஆளுக்கொரு கடன் எடுத்து, ஒருத்திக்கு மற்றவள் பிணை நிற்க வேணும். பெற்றிசியா கையெழுத்து வைத்தாள். இஞ்சின் பூட்டிய அடுத்த வருசமே மண்ணெண்ணெய் இல்லாமல் கரை முழுக்கப் படகுகள் காய்ந்து கிடந்தன. முதல் கடனைக் கட்ட வேறு இடத்தில் இரண்டாவது, அதைக் கட்ட இன்னொரு இடத்தில் மூன்றாவது என்று எடுத்தாள். கடைசியில் இஞ்சினும் போனது, கழுத்துக்கொடியும் அடகில் மூழ்கிப் போனது. எடுத்ததற்கு மேலாகக் கட்டிய பிறகும் ஆறு லட்சம் மிச்சம் நின்றது. நண்டுக் கொம்பனியில் நண்டு உடைத்து அவள் எடுக்கிற சம்பளம் வட்டிக்கே காணாது.

லோன் கொம்பனிக்குக் காசு தண்டுகிற றொசாந்தன் வந்தால் முற்றத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிடுவான். கட்டும் வரைக்கும் எழும்பமாட்டான். ஒருநாள், "அக்கா, உங்களுக்குத் தெரியாததோ, ஊரில எத்தினை வழி இருக்கு காசு உழைக்கிறதுக்கு" என்று சொல்லிப் பல்லைக் காட்டினான். அன்றைக்கு மில்ரன் வீட்டில் இருந்தும் வெளியில் வரவில்லை. பெற்றிசியாவுக்கு லோன்காரன் சொன்னதைவிட அதுதான் கூட வலித்தது.

அந்தக் கிழமையே அவள் மன்னாருக்கு பஸ் ஏறினாள். பெண்கள் அமைப்பின் கூட்டமொன்றில் பேச வந்த சட்டத்தரணி சுபத்திராவை அவளுக்கு முகம் தெரியும். நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், கோட்டடியில் இருந்த அவளுடைய கந்தோருக்குப் போய், எல்லாவற்றையும் கொட்டினாள்.

சுபத்திரா கேட்டுவிட்டு, "ஒரு பழைய சட்டம் இருக்குது. என்னால கட்ட ஏலாது, நான் வங்குறோத்து எண்டு கோட்டில மனுப் போடலாம். ஆனா பெரிய வியாபாரிகள்தான் போடுறவை. உங்களைப் போல ஆக்கள் போட்டு நான் காணேல்லை" என்றாள்.

"ஏன் போடுறேல்லை?"

"செலவு. நான் எனக்கு வாற காசை விட்டாலும், முத்திரை, பத்திரிகை விளம்பரம், அது இது எண்டு அறுபதாயிரம் கிட்ட வரும்."

பெற்றிசியா சிரித்துவிட்டாள். "காசில்லை எண்டு சொல்லுறதுக்கு அறுபதாயிரமோ?"

"ஓம் அக்கா. எனக்கும் சொல்ல வெட்கமாத்தான் இருக்குது."

வீட்டுக்கு வந்து மில்ரனுக்குச் சொன்னபோது அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "பேப்பரில பேர் வருமாமோ? வங்குறோத்து எண்டோ? கோயிலுக்கு எந்த முகத்தோட போறது? மடு மாதாவுக்கு நேர்ந்து வைப்பம். அவ பாத்துக்கொள்ளுவா."

"மாதா பிணைக்குக் கையெழுத்து வைக்கேல்லை, நான்தான் வைச்சனான். நாடே வங்குறோத்து எண்டு உலகத்துக்கே சொன்னவை. சொன்ன ஆக்கள் இண்டைக்கும் கோட்டுப் போட்டுக்கொண்டு காரில திரியினம். எனக்கு மட்டும் என்ன வெட்கம்?"

வெட்கம் இல்லை என்றாலும் காசும் இல்லை. அடுத்த முறை றொசாந்தன் வந்தபோது, "வேணுமெண்டால் மேல ஒரு லோன் போட்டுத் தாறன் அக்கா" என்றான். அவளுக்கு ஒரு குறும்புப் புத்தி வந்தது. கொம்பனிக் காசிலேயே கொம்பனிக்கு எதிராக மனுப் போட்டால் என்ன? சுபத்திராவுக்குப் போன் எடுத்துக் கேட்டாள்.

"ஐயோ வேண்டாம்! கட்டமாட்டன் எண்டு தெரிஞ்சுகொண்டு எடுத்தால் அது மோசடி. மனுவே நிக்காது. இன்னொண்டு, நீங்கள் மனுப் போட்டவுடன உங்களுக்குப் பிணை நிண்ட ஆக்களைத்தான் பிடிப்பினம். முதல் அவையோட கதையுங்கோ."

நண்டுக் கொம்பனியின் சாப்பாட்டு நேரத்தில் குழுவில் இருந்த மற்ற மூன்று பேருக்கும் பெற்றிசியா ஒளிக்காமல் சொன்னாள். ஜெயனி சோற்றுப் பெட்டியை மூடிவிட்டு அழத் தொடங்கினாள். பர்ஸானா விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தாள். பரமேஸ்வரிக்குத்தான் கோபம் தலைக்கேறியது.

"நீ கோட்டுக்குப் போய்த் தப்பியிடுவாய். உன்ர கடனை நாங்கள் சுமக்கிறதோ? என்ர மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறன் பெற்றிசியா!"

"அதுக்குத்தான் சொல்லிப்போட்டுச் செய்யுறன். உங்களைக் கேட்காமல் நான் போகமாட்டன்."

"அப்ப போகாதை."

பெற்றிசியா சரி என்று தலையாட்டினாள். கை கழுவிவிட்டு மிச்ச நண்டை உடைக்கப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பரமேஸ்வரியின் மகளைப் பார்க்க நானாட்டானிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பலகாரத் தட்டு வைத்த நேரம், றொசாந்தன் மோட்டார்சைக்கிளை உள்ளே விட்டு முற்றத்தில் வந்து இருந்தான். பரமேஸ்வரி போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, "தம்பி, இண்டைக்கு மட்டும் போங்கோ" என்றாள். அவன் எழும்பவில்லை. "பலகாரம் சுடக் காசிருக்கு, கட்டுக்காசுக்கு இல்லையோ?" என்று உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்கச் சொன்னான். மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பினாள்.

மறுநாள் விடிய, பரமேஸ்வரி பெற்றிசியாவின் வீட்டு வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது, குரல் மட்டும் இரும்பு.

"உந்த மனுவுக்கு எவ்வளவு எண்டு சொன்னனீ?"

கணக்கை பர்ஸானாதான் போட்டாள். நாலு பேரும் கிழமைக்குக் கட்டுகிற காசை ஒரு மாதம் கொம்பனிக்குக் கொடுக்காமல் சேர்த்தால் அறுபதாயிரம் வந்துவிடும். "எப்பிடியும் பெற்றிசியாவிட கடனுக்கு எங்களைப் பிடிக்கத்தான் போறாங்கள். ஒளிச்சிருந்து பிடிபடுறதைவிட நிண்டு பிடிபடுவம்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை பொதுநோக்கு மண்டபத்தில் லோன் கொம்பனியின் குழுக் கூட்டம். வேறு குழுப் பொம்பிளைகளுமாக முப்பது பேர் இருந்தார்கள். ஒழுங்காகக் கட்டுவோம் என்று எழும்பி நின்று உறுதிமொழி சொல்லித்தான் கூட்டம் தொடங்கும். எல்லாரும் எழும்பினார்கள். நாலு பேர் இருந்தபடியே இருந்தார்கள்.

"என்ன, காலுக்கு ஏலாதோ?" என்றான் றொசாந்தன்.

பெற்றிசியா பேச வாய் திறக்க முதல் பரமேஸ்வரி தன் காசை எடுத்து எல்லாரும் பார்க்கப் பெற்றிசியாவின் கையில் வைத்தாள். பர்ஸானா வைத்தாள். ஜெயனியும் வைத்தாள்.

"இந்தக் கிழமை கட்டுக்காசு இல்லை. இது கோட்டுக்காசு" என்றாள் பெற்றிசியா. "நான் வங்குறோத்து எண்டு மனுப் போடப்போறன்."

றொசாந்தனின் முகம் சிவந்தது. "அது கொம்பனிக் காசு! வையுங்கோ மேசையில!"

"நான் நண்டு உடைச்ச காசு. உன்ர கொம்பனி எத்தினை நண்டு உடைச்சது?" என்று கேட்டாள் பரமேஸ்வரி.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. கட்டுக்காசை மேசையில் வைக்கப் போன வேறு குழுப் பொம்பிளை ஒருத்தி கையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டாள். பெற்றிசியாவுக்குத் தன் பழைய வாய் திரும்பி வந்துவிட்டது தெரிந்தது. "தம்பி, இனி என்ர முற்றத்தில இருக்க வாறதெண்டால் கதிரை கொண்டுவா. என்ர கதிரை கோட்டுக்குக் காட்டவேண்டிய சொத்து" என்றாள்.

ஒரு மாதத்தில் மனு போனது. விசாரணை நாளில் கொம்பனியின் சட்டத்தரணி எழும்பி, வழக்குப் பேசப் பணம் உள்ளவர் எப்படி வங்குறோத்து ஆவார் என்று கேட்டார். நீதிபதி பெற்றிசியாவைப் பார்த்தார்.

"கடன் எடுக்கேல்லை ஐயா. என்னோட நண்டு உடைக்கிற ஆக்கள் தந்தவை. பின்னுக்கு இருக்கினம், கேளுங்கோ."

நீதிபதி கேட்கவில்லை. மனுவை ஏற்று, தீர்ப்பு வரும் வரைக்கும் கொம்பனி ஆட்கள் அவள் வீட்டுக்குப் போகக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

இஞ்சின் போனபின் மற்றவர் படகில் கூலிக்குப் போய்வந்த மில்ரன், பேப்பரில் பேர் வந்த நாளில் கடலுக்குப் போகவில்லை. பெற்றிசியா அந்தப் பேப்பரை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். பெட்டிக்கடைக்காரர் அன்றையிலிருந்து கடனுக்குச் சாமான் கொடுக்கவில்லை. சிலர் கோயிலில் தள்ளி இருந்தார்கள். அவள் அதையெல்லாம் கண்டாள், கண்டும் தன் இடத்தில் இருந்தாள்.

பிறகு ஒருநாள் கொம்பனியின் மனேச்சரே வெள்ளைக் காரில் வந்தார். இவர்களைப் பார்த்து ஊர் முழுக்கக் கட்டுக்காசு குறைந்துவிட்டது. மனுவைத் திரும்ப எடுத்தால் அவளுடைய வட்டி முழுவதையும் தள்ளிவிடுவதாகப் பணிவாகச் சொன்னார்.

"மற்ற மூண்டு பேரின்ர வட்டி?"

"அது வேற கதை அம்மா."

"எங்களுக்கு ஒரே கதைதான் ஐயா. குழுவாத்தானே கையெழுத்து வாங்கினனீங்கள்?"

"அது கொழும்பில கேட்க வேணும்."

அப்போது மில்ரன் உள்ளேயிருந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றான். "அப்ப கேட்டுக்கொண்டு வாங்கோ" என்றான். மனேச்சரின் முகத்தைப் பார்க்காமல், காரைப் பார்த்துத்தான் சொன்னான். ஆனாலும் நின்றான்.

கொழும்பு யோசித்தது. மூன்று பேரின் வட்டியும் வெட்டுப்பட்டது, எடுத்த காசை மட்டும் சின்னச் சின்னத் தொகையாகக் கட்ட விட்டார்கள். எடுத்ததைவிடக் கூடக் கட்டிவிட்டதால், வட்டி தள்ளுபட்டதும் கொம்பனியோடு பெற்றிசியாவின் கணக்கு முடிந்தது. கொம்பனியின் பேர் மனுவிலிருந்து எடுபட்டது, ஆனால் வேறு இடங்களில் எடுத்த மற்ற இரண்டு கடனுக்காக மனு கோட்டிலேயே நின்றது. வழக்கு இரண்டு தவணை தள்ளி, அவள் வங்குறோத்து என்று தீர்ப்பு வந்தது. சுபத்திரா வெளியில் வந்து, "இனிக் கொஞ்சக் காலத்துக்கு உங்களுக்கு ஒருத்தரும் கடன் தரமாட்டினம் அக்கா" என்றாள்.

"நல்லதாப் போச்சு" என்றாள் பெற்றிசியா. பஸ் வர நேரமிருந்தது. நாலு பேரும் கோட்டடித் தேத்தண்ணிக் கடைக்குள் போய், கடன் சொல்லாமல் கைக்காசு கொடுத்து, ஆளுக்கொரு ரோல்ஸ் சாப்பிட்டார்கள்.