இடது கை பட்ட பக்கம்

எழுபத்தாறில் என் அண்ணன் ஒடார்ட்டே குத்துச்சண்டை போட மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸுக்குப் போய், ஒரு குத்தும் விடாமல், ஒரு குத்தும் வாங்காமல், கொண்டுபோன மூக்கோடே அக்ராவுக்குத் திரும்பி வந்தான்.

தென்னாப்பிரிக்க வெள்ளையர்களோடு நியூசிலாந்து ரக்பி ஆடியது. அந்த நியூசிலாந்தை ஒலிம்பிக்ஸில் சேர்த்ததைக் கண்டித்து எங்கள் ஆப்பிரிக்க நாடுகள் வெளியேறின. கல்லூரியில் நாங்களும் ஆதரித்துத் தீர்மானம் போட்டோம். எங்கள் புக்கோம் பேட்டையில் ரக்பிப் பந்தைப் பார்த்தவர் யாருமில்லை. முட்டை மாதிரி இருக்கும் என்று அம்மாவுக்கு விளக்கினேன்.

"முட்டைக்காகவா என் பிள்ளைய அனுப்பிட்டாங்க?"

"முடிவு சரிதாம்மா," என்றான் அண்ணன். "என்னைக் கேட்டிருந்தாலும் வெளியதான் வந்திருப்பேன். கேக்கல, அவ்வளவுதான்."

அன்றிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை. ஐம்பத்தொரு கிலோ எடைப்பிரிவு அவனுடையது. போட்டிகள் முடிந்து, பதக்கங்களை யார் யாரோ வாங்கிப் போன பிறகும், அந்த ஐம்பத்தொன்றை விடாமல் காத்துவந்தான். வெறும் கஞ்சி, அதுவும் அரைக் கிண்ணம். காலையில் அம்மாவின் மீன்கடைத் தராசில் ஏறி நிற்பான்.

"கிலோ என்ன விலைம்மா?" என்பார்கள் பக்கத்துக் கடைக்காரிகள்.

"முள்ளுதான் இருக்கு, போங்கடி," என்பாள் அம்மா. பிறகு முந்தானையால் தராசைத் துடைப்பாள், ரொம்ப நேரம்.

ஹோமோவோ வந்தது. பசியைப் பார்த்து ஊரே சிரிக்கிற திருநாள். அன்று பட்டினி கிடப்பவன் எங்கள் கா இனத்தாரில் இருக்க முடியாது. சோளமாவில் பாமாயில் பிசைந்த க்பொக்பொய், மேலே மீன் குழம்பு, ஒரே பெரிய சட்டி. பெரியவர் சின்னவர் என்றில்லாமல் எல்லாக் கையும் அதற்குள்தான்.

அண்ணன் கையைக் கழுவினான். சட்டிக்குள் விடவில்லை.

"நீ தொடாம நான் தொட மாட்டேன்," என்றாள் அம்மா. பசியைக் கேலி செய்ய வேண்டிய நாளில் நாங்கள் மூன்று பேரும் குழம்பு ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் சோவா வந்தான். தேர்வுப் போட்டியில் அண்ணனிடம் ஒரு புள்ளியில் தோற்று, நடுவர் குருடு என்று பேட்டை முழுக்கச் சொல்லித் திரிந்தவன். திருநாளில் பகையைத் தீர்க்க வேண்டும் என்பதால் வந்திருந்தான். முகத்தில் பகை தீர்ந்த அடையாளம் இல்லை.

"என்னடா, காத்தைக் குடிச்சு வாழுறியாமே?" என்று அண்ணன் எதிரில் உட்கார்ந்தான். "யாருக்காகடா இந்த எடை?"

அண்ணன் சட்டியைப் பார்த்தபடி சொன்னான்: "இது இருக்கிறவரை நான் ஒலிம்பிக் ஆளு. சாப்பிட்டா, துறைமுகத்துல மூட்டை தூக்குறவன்."

"நான் அந்த ஆளாக்கூட ஆகலையேடா. நான் சாப்பிடலையா?"

சொல்லிவிட்டு, சட்டியில் இருந்த ஒரே பெரிய மீன் தலையை நோக்கிக் கையை விட்டான் சோவா.

அண்ணனின் இடது கை பாய்ந்து, சோவாவின் மணிக்கட்டைச் சட்டிக்குள்ளேயே மடக்கியது. அண்ணன் பிறவி இடதுகைக்காரன். அந்தக் கைதான் அவனை மாண்ட்ரியல் வரை கூட்டிப்போனது. ஆனால் சோற்றுச் சட்டியில் இடது கை! எங்களில் அதைவிடக் கொலைகூடக் கொஞ்சம் மரியாதையானது. மூவரும் அந்தக் கையையே பார்த்தோம். கைக்குச் சொந்தக்காரன்தான் அதிகம் திகைத்திருந்தான்.

அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். அவள் நிதானமாகச் சட்டியின் நடுவே விரலால் கோடு போட்டாள்.

"இந்தப் பக்கத்தை இனி யாரும் தொட மாட்டாங்க. கெடுத்தவனே திங்கணும். மிச்சம் வைக்கக்கூடாது."

பாதிக்கும் மேல் அந்தப் பக்கம்தான் இருந்தது. மீன் தலையும் அங்கேதான்.

அண்ணன் கையை மறுபடி கழுவி, வலது கையால் ஒரு கவளம் எடுத்தான். மென்றான். இன்னொன்று எடுத்தான். அப்புறம்தான் அம்மா தன் பக்கத்தில் கை வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, சோவா தலையைத் தூக்காமல் கேட்டான். "அங்க சண்டை மேடை எப்படிடா இருந்துச்சு?"

"விடியக்காலையில யாருமில்லாதப்ப ஏறிப் பாத்தேன்."

"தரை?"

"மெத்துமெத்துன்னு. விழுந்தாக்கூட வலிக்காது."

"சும்மா ஒருதரம் விழுந்து பாக்கலையா?"

"பாத்தேன்," என்றான் அண்ணன், வாய் நிறையச் சோற்றோடு. எங்களிடம் சொல்லாத அதை அவன் விரித்துச் சொல்லச் சொல்ல, சோவா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.