காலர் வைத்த பை

காலையிலிருந்து காய்கறிக் கடைக்கு எதிரே நின்று, போகிறவர் வருகிறவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா இல்லை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். பாலித்தீன் கவர், பாலித்தீன் கவர், ஒரு மனுஷர் தலையணை உறையில் உருளைக்கிழங்கு கொண்டுபோனார், மறுபடி பாலித்தீன் கவர். நான் தைத்த பை ஒன்றுகூட இல்லை. இந்த ஒரு மாதத்தில் நூற்றிருபது பை விற்றிருக்கிறது. வாங்கியவர்கள் எல்லாம் இந்த நாலு தெருக்காரர்கள்தான். அத்தனை பையும் எங்கே போய்த் தொலைந்தன?

சட்டைக் கம்பெனியில் பதினான்கு வருடம் காலர் மட்டும் தைத்தவள் நான். முழுச் சட்டை தைக்கத் தெரியாது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு நாள் அந்தக் காலர் குவியலைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. ஒரு மாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டில் துணிப்பை தைக்க உட்கார்ந்தேன். கடைக்குக் கொண்டுபோகிற பைதானே, நாலு ஓரம் அடித்தால் முடிந்தது என்றார் என் வீட்டுக்காரர். அவர் மின்விசிறி ரிப்பேர் செய்பவர். சுற்றினால் சரி என்று விட்டுவிடுவார். எனக்கு மனசு கேட்கவில்லை. பையின் வாய் ஓரத்தில் காலருக்குள் வைக்கிற விறைப்புத் துணியை வைத்தேன். இரட்டைத் தையல் ஓட்டி, பிசிறு தெரியாமல் மடித்து, இஸ்திரி போட்டு, ஒரு பட்டனும் வைத்தேன். தரையில் வைத்தால் பை தானாக நிமிர்ந்து நின்றது.

இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு சூப்பர்வைசர் அம்மா போன் செய்வார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ஸ்டாப்வாட்ச். "வர்றியா, இல்ல உன் மெஷினை வேற ஆளுக்குக் குடுத்துடவா? ஒரே வார்த்தை சொல்லு" என்று போன வாரமே கேட்டுவிட்டார். பை ஓடுமென்றால் கம்பெனிக்குப் போகமாட்டேன், ஓடாதென்றால் போய்விடுவேன். ஆனால் விற்ற பை வெளியே வரவே இல்லையே, இதை ஓடுகிறது என்பதா, ஓடவில்லை என்பதா? மண்டை காய்ந்துவிட்டது.

பைகளை விற்றுத் தருகிற மளிகைக்கடைக்காரரிடம் போனேன்.

"அண்ணே, வாங்கினவங்க யாராவது பையைத் தூக்கிட்டுத் திரும்ப வந்தாங்களா?"

"இல்லியே. கவர்தான் கேக்கறாங்க. ஆனா பை பிரமாதம்னு எல்லாரும் சொல்றாங்க. அடுத்த கட்டு எப்போ தர்றே?"

வீட்டுக்கு வந்து சொன்னால், வீட்டுக்காரர் விசிறியின் இறக்கையைத் துடைத்துக்கொண்டே, "எல்லாரும் உன் பையைத் தூக்கிட்டு வேற ஊருக்குக் குடிபோயிட்டாங்களோ என்னவோ" என்றார். நான் முறைத்த முறைப்பில் இறக்கையைக் கீழே வைத்துவிட்டார்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் மாடிவீட்டு டீச்சரிடம் ஏறிப்போனேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார், நாலு பை வாங்கியவர். கேட்டதும் சிரித்துக்கொண்டே பீரோவைத் திறந்தார். விசேஷத்துக்கு உடுத்துகிற துணிகளுக்கு நடுவில் நாலு பையும் மடிப்புக் கலையாமல் இருந்தன.

"இதுல போய் மீன் வாங்குவேனாம்மா? கறை பட்டா எனக்கு மனசு ஆறாது."

"டீச்சர், மீன் வாங்கத்தான் தைச்சேன்."

"பேசாம இரு. பக்கத்து வீட்டுலயும் பத்திரமா வச்சிருக்காங்க, நான் பார்த்தேன்."

சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. பதினான்கு வருடத்தில் என் காலரை ஒருவர்கூட பீரோவில் வைத்துப் பார்த்ததில்லை. ஆனால் இப்படிப் பூட்டி வைத்தால் எந்தப் பை கிழியும், யார் இன்னொன்று வாங்க வருவார்கள்? டீச்சரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? காலையில் என் வீட்டு வெங்காயமும் கவரில்தான் வந்தது. தைத்து வைத்ததை எடுக்க எனக்கும் கை வரவில்லை.

"சரி, சுமாரா ஒண்ணு தைச்சுத் தர்றேன். அதைக் கடைக்கு எடுத்துட்டுப் போவீங்களா?"

"சுமாரா இருக்கறதை எதுக்கும்மா வாங்கணும்? அதுக்குத்தான் கவர் சும்மாவே தர்றாங்களே."

டீச்சர் ஒரு பையை எடுத்துத் தடவிக் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ கூடாததைக் கேட்கிறவர் மாதிரி, "பீரோவுக்குள்ளயும் தூசி வருதும்மா. இந்தப் பையைப் போட்டு வைக்க ஒரு உறை தைச்சுத் தர்றியா?" என்றார்.

"பைக்குப் பையா?"

"பக்கத்து வீட்டுக்கும் ஒண்ணு வேணுமாம்."

விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. என்னை அறியாமல் கழுத்தில் கிடந்த அளவு டேப்பை இழுத்துவிட்டேன். "இந்த முனையைப் பிடிங்க டீச்சர்." பிடித்தார்.

"ஒண்ணு கேக்கறேன். இந்த உறையையும் அழுக்காயிடும்னு எடுத்து வச்சுடுவீங்களா?"

டீச்சர் நிஜமாகவே யோசித்தார். "அது நீ எப்படித் தைக்கறேன்றதைப் பொறுத்தது."

மேஜைமேல் நான் வைத்திருந்த போன் அடிக்க ஆரம்பித்தது. சுவர்க் கடிகாரத்தில் சரியாக ஐந்து.

"எடும்மா."

என் இரண்டு கையும் டேப்பில் இருந்தது. போன் அதிர்ந்து அதிர்ந்து மேஜை விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருக்க, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் டேப் விறைப்பாக நின்றது. பதினாறரை அங்குலம். மடிப்புக்கு இன்னும் ஒன்று சேர்க்க வேண்டும்.