அம்மா பெயருக்கு மேலே ஒரு முகம்

ஜென்சி பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறிப் பேனரின் கயிற்றை அவிழ்ப்பதைப் பார்த்து ஜெபராஜ் மாமா ஓடி வந்தார்.

"இன்னா பண்ற நீ? இப்பதான் கட்டினோம். பாஸ்டர் வர நேரம், இறங்கு."

"இது யாரு மாமா?"

'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்ற வரிக்குக் கீழே, அம்மா கிருபாவின் பெயருக்கு மேலே, ஒரு சினிமா நடிகை கண்கலங்க நின்றிருந்தாள்.

"கடைக்காரன் போட்டோ கேட்டான். அக்கா போட்டோ எங்க கீது? போன்ல பெரும்பாக்கம் கிருபான்னு போட்டா இதான் வந்துச்சு. நல்லாத்தானே கீது."

ஜென்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா விட்டுப்போன பிறகு, பகலில் ஆபீஸ் கழிப்பறைகளைக் கழுவி, சாயங்காலம் குடியிருப்பு வராந்தாவில் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுத்தவள் அம்மா. அதைப் படமெடுக்கிறோம் என்று வந்தவர்கள் ஆறு மாதம் வீட்டில் டீ குடித்தார்கள். அம்மா அழுத கதையையெல்லாம் எழுதிக்கொண்டார்கள். கதாநாயகிக்கு அம்மாவின் பெயரையே வைத்துவிட்டு, படத்தின் கடைசியில் நன்றி சொன்னபோது வேன் டிரைவரைக்கூடச் சொன்னார்கள், அம்மாவைச் சொல்லவில்லை. கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா? இன்றைக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. செத்த பிறகும் அம்மா இடத்தில் அம்மாவாக நடித்தவள்தான் நிற்கிறாள்.

"எங்கம்மாவ வேற ஒருத்தி மூஞ்சியோட அனுப்ப மாட்டேன்."

"வெறும் பேனருக்கு ஏன் பேஜார் பண்ற? படத்த பார்த்தவங்களுக்கு இந்த மூஞ்சிதான் தெரியும்."

மாலை கட்டியவர்கள் விட்டுப்போன கத்தரிக்கோல் கிடந்தது. அதை எடுத்தவளின் கை பேனரின் கீழ்ப்பக்கம் வந்ததும் நின்றது. பெயருக்கும் கீழே, தனியாக, சலங்கை கட்டிய இரண்டு கால்கள். இடது சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறியிருந்தது. நடிகைக்கு ஆட வராததால் கால் தெரியும் இடத்திலெல்லாம் அம்மாவைத்தான் ஆடவைத்தார்கள். அதற்கே அம்மா எவ்வளவு பூரித்துப்போனாள். காலையில் அம்மாவுக்கு வெள்ளை சாக்ஸ் மாட்டும்போது அந்த விரல்தான் இடித்தது.

"மாமா, இந்த விரலப் பாருங்க."

ஜெபராஜ் கிட்டே போய்ப் பார்த்தார்.

"பக்கெட்டு விழுந்து ஒடைஞ்சது," என்றார். "மறுநாளே வேலைக்குப் போச்சு அக்கா."

நாற்காலியை அவரே பிடித்துக்கொண்டார். ஜென்சி நடிகையை இடுப்போடு வெட்டியெடுத்துச் சுருட்டினாள். பெயரும் கால்களும் இருந்த பாதியை இருவருமாகக் குடியிருப்பின் கீழ்வாசலில் மறுபடி கட்டினார்கள்.

லிஃப்ட் ஓடவில்லை. ஐந்து மாடி இறக்கிய சவப்பெட்டியைக் கால்பக்கம் முன்னே வரப் பிடித்துக்கொண்டு, அந்தச் சலங்கைக் கால்களுக்கு அடியில் குனிந்து வெளியே போனார்கள்.