கால் சஹன்

“ஊருக்கு வந்ததும் உன்கிட்ட ஒண்ணு கேப்பேன். மாட்டேன்னு சொல்லக் கூடாது.”

“என்ன மச்சான்? கழுத்துல கெடக்கற ஒத்தச் சங்கிலிக்கு வேட்டா?”

“போடி. அதெல்லாம் இல்ல.”

“அப்ப பிரியாணி.”

“பிரியாணி இங்க ரூமுக்குக் கீழயே கெடைக்குது. உன்னுத விட நல்லாவே இருக்கு.”

“அப்ப அங்கயே கெடங்க. எதுக்கு வர்றீங்க?”

“கோச்சுக்காத. நேர்ல கேக்கறேன். போன்ல கேட்டா ஒரு மாதிரி இருக்கும்.”

“சீ!”

“அய்யோ, அந்த மாதிரி இல்லடி!”

வளைகுடாவில் வேலை பார்த்தபோது, ஜுபைலில் தன் அறைக் கட்டிலில் உட்கார்ந்து, போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே சுஹைப் பேசிய பேச்சு அது. இந்தப் பக்கம், கடலூர் முதுநகர் வீட்டு மாடியில், அவன் மனைவி ரூமானா சிரிப்பை அடக்க முடியாமல் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் ஊரோடு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இன்னும் அதைக் கேட்கவில்லை.

வந்த புதிதில் கேட்டிருப்பானோ என்னவோ. அதற்குள் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை கிடைத்து, அதற்காக ரத்தப் பரிசோதனை செய்தபோது சர்க்கரை இருப்பது தெரிந்தது. கொஞ்ச நஞ்சமில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்த ரூமானா அழவில்லை. சிதம்பரத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் அவள் உணவு ஆலோசகர். ஊரில் இருக்கும் சர்க்கரைக்காரர்களுக்கெல்லாம் என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று சொல்வதுதான் அவள் பிழைப்பு. இந்த மனிதரை மட்டும் விட்டுவிடுவாளா?

கிளினிக்கில் நோயாளிகளுக்குக் கொடுக்கும் ஆப்பை அன்றைக்கே அவன் போனில் ஏற்றினாள். எது சாப்பிட்டாலும் அதில் பதிய வேண்டும். தட்டச்சு செய்யலாம், தமிழில் வாயால் சொன்னாலும் போதும். இரண்டு இட்லி என்றால் இரண்டு இட்லிக்கான மாவுச்சத்து, புரதம், கொழுப்பு எல்லாவற்றையும் அதுவே கணக்குப் போட்டு, சிதம்பரத்தில் அவள் மேஜைக் கம்ப்யூட்டருக்கும் அவள் போனுக்கும் அனுப்பிவிடும். திரையில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வரி. அளவாகச் சாப்பிட்டவர்களின் வரி பச்சை. தாண்டினால் மஞ்சள். ரொம்பத் தாண்டினால் சிவப்பு. தடுப்புகள் வைத்த எவர்சில்வர் தட்டு ஒன்றையும் வாங்கி வந்தாள். பெரிய குழியில் காய், சின்னக் குழியில் சோறு, இன்னொன்றில் மீனோ முட்டையோ.

“ஜெயில் தட்டு மாதிரி இருக்கு,” என்றான் சுஹைப்.

“ஆமா. ஆயுள் தண்டன,” என்றாள் அவள்.

ராத்திரிச் சாப்பாட்டை நேரத்தோடு முடித்துவிட வேண்டும் என்பதும் அவள் போட்ட சட்டம்தான். அவன் வேலை முடிந்து ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவான். அவள் சிதம்பரத்திலிருந்து ரயில் பிடித்து முதுநகரில் இறங்கி வர எட்டு, எட்டரை ஆகும். காலையிலேயே அவள் சமைத்து வைத்ததைச் சூடு பண்ணி, ஆப் மணியடித்ததும் அவன் சாப்பிட்டுப் பதிவு செய்வான். ரயில் பரங்கிப்பேட்டையைத் தாண்டும்போது அவள் போனில் பச்சை டிக் வரும். கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் அந்த டிக்கைப் பார்த்துத் தானாகச் சிரித்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்தால் ஜெயில் தட்டு கழுவிக் கவிழ்த்தபடி இருக்கும். அவள் அடுப்படியிலேயே நின்று, மிச்சமிருப்பதைச் சாப்பிட்டுக்கொண்டு மற்ற நோயாளிகளின் வரிகளைப் பார்ப்பாள்.

சர்க்கரை இறங்கியது. டாக்டரே பாராட்டினார். ஆனால் எடையும் இறங்கியது. முதலில் அது சந்தோஷமாக இருந்தது. இறங்கி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் அது மேலும் இறங்கியபோதுதான் ரூமானாவுக்கு உறுத்தியது. பெல்ட்டில் புதுசு புதுசாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான்.

அவளோடு தினமும் ரயிலில் வரும் பெலிசியா அதே கிளினிக்கில் லேப் பார்ப்பவள். ஒருநாள் ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டாணி கொறித்துக்கொண்டே சொன்னாள்: “அக்கா, உங்க வூட்டுக்காரரு ரிப்போர்ட்டு சூப்பரு. ஆனா மாதா கோயில் தெருவுல பாத்தேன், ஆளு ஏன் இப்புடி எளச்சிட்டாரு? நீங்க சோறு போடுறீங்களா, இல்ல ஆப்ப மட்டும் போடுறீங்களா?”

“எல்லாம் கரெக்ட்டாதான் சாப்பிடறாரு. தெனம் பச்சைதான் வருது.”

“பச்ச வருது சரி. மனுஷன் வர்றாரா?”

ரூமானா சிரித்து மழுப்பினாள். ஆனால் அந்தக் கேள்வி அவளோடு இறங்கி வீடு வரை வந்தது. மற்ற பரிசோதனைகளையும் எடுத்துப் பார்த்தாயிற்று. தைராய்டு இல்லை, வேறெதுவும் இல்லை. மருந்தையும் குறைத்தாயிற்று. அப்படியானால் மனதில்தான் ஏதோ இருக்கிறது. ஜுபைல் அறைத்தோழர்கள் அவனை வாரா வாரம் கூப்பிட்டார்கள். அவர்களோடு பேசும்போது சுஹைப் சத்தமாகச் சிரிப்பான். பேசி முடித்ததும் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பான்.

‘உன்கிட்ட ஒண்ணு கேப்பேன். மாட்டேன்னு சொல்லக் கூடாது.’

மறுபடி வெளிநாடு போக வேண்டும் என்பதைத்தான் கேட்கப் போகிறான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். கேட்க மனமில்லாமல் உள்ளுக்குள் வைத்துத் தேய்கிறான். அவளே வாய் திறந்து என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லிவிடுவானே! அதனால் கேட்கவில்லை. அந்தக் கட்டிலையும் தண்ணீர் பாட்டிலையும் இன்னொரு முறை போன் திரையில் பார்க்கும் தெம்பு அவளுக்கு இல்லை.

சிதம்பரத்தில் அவள் சித்தப்பா மகள் சாய்ராவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பரங்கிப்பேட்டை. அவர்கள் பக்கத்து வழக்கப்படி சஹன் சாப்பாடு. பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோற்றைக் குவித்து, நடுவில் கறியை வைத்துக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். நாலு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட வேண்டும். ஆண்கள் கீழ் ஹாலில், பெண்கள் மாடியில்.

“மச்சான், நெய்ச்சோறு ஜாஸ்தி வேணாம். சாப்பிட்டு முடிச்சதும் மறக்காம ஆப்புல போடுங்க,” என்று படிக்கட்டிலேயே சொல்லிவிட்டு அவள் மாடிக்குப் போனாள்.

அவள் சாப்பிட்டுக் கை கழுவும்போது போன் அதிர்ந்தது. சுஹைபின் வரி சிவப்பாக இருந்தது. இத்தனை மாதத்தில் முதல் சிவப்பு. தொட்டுப் பார்த்தாள். ‘ஆட்டுக்கால் பாயா, ஒரு கிண்ணம்.’

பாயாவா? கல்யாணப் பந்தியில் பாயாவே இல்லையே! வெளியே எங்காவது போய்ச் சாப்பிட்டு வந்தானா? முந்தானையைச் சரிசெய்துகொண்டு விறுவிறுவென்று இறங்கினாள். மண்டப வாசலில் வேப்பமரத்தடியில் சுஹைப் அவளுடைய தம்பி நாசரோடு நின்று பீடா மென்றுகொண்டிருந்தான்.

“பாயா எங்க சாப்பிட்டீங்க?”

“பாயாவா? நான் எங்க பாயா சாப்பிட்டேன்?”

போனை நீட்டினாள். அவன் கண்ணைச் சுருக்கிப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். “அடப்பாவி! நான் வாயாலதான் சொன்னேன். நாலு பேரு சாப்பிட்டமா, என் பங்கு கால் சஹன். ‘கால் சஹன்’னு சொன்னேன். அதுக்கு சஹன்னா என்னன்னு தெரியல போல. கால மட்டும் புடிச்சிக்கிச்சி!”

நாசர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். “அக்கா, அதுவும் பொய்க் கணக்கு. மச்சான் சாப்பிட்டது கால் இல்ல, அரை. என் பங்கு கறியயும் சேத்து அடிச்சாரு.”

“நீதானடா தள்ளித் தள்ளி வெச்ச?”

“உங்கள பாத்தா பாவமா இருந்திச்சி மச்சான். நோம்புக்கஞ்சி கெடைக்காதவன் மாதிரி இருந்தீங்க. அக்கா, நெசமா சொல்றேன், இவரு இப்புடி ரசிச்சு சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல.”

ரூமானா சிரிக்கப் போனவள் நின்றுவிட்டாள். அவளும் பார்த்ததில்லை. ஒன்றரை வருடமாக அவன் சாப்பிடுவதை எதிரே உட்கார்ந்து அவள் பார்க்கவில்லை. டிக்கைத்தான் பார்த்தாள்.

நாசர் யாரோ கூப்பிட உள்ளே போனான். அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “வீட்டுல வெச்சிட்டுப் போறத முழுசா சாப்பிடறீங்களா மச்சான்?”

அவன் செருப்பால் ஒரு வேப்பங்கொட்டையை உருட்டினான். “மணி அடிக்கும். போட்டு வெப்பேன். உடனே டிக்கு போட்டுடுவேன், நீ ரயில்ல பாத்துகிட்டு இருப்பியே. டிக்கு போட்டப்பறம் ரெண்டு வாய் எறங்கும். அதுக்கு மேல ஓட மாட்டேங்குது.”

“மீதி?”

“கீழ் வீட்டுப் பூனை குண்டாயிருக்கே, பாக்கல?”

அவள் கோபப்பட வேண்டிய இடம் அது. கோபம் வரவில்லை. போனை எடுத்து அந்த பாயா வரியை அழிக்கப் போனாள், பிறகு அப்படியே விட்டுவிட்டாள்.

சாயங்கால ரயிலில் இருவரும் திரும்பினார்கள். வெள்ளாற்றுப் பாலத்தில் ரயில் தடதடத்தபோது, காற்றில் பறந்த அவள் முந்தானையை அவன் பிடித்து ஜன்னலுக்குள் இழுத்தான். எதிரே ஒரு கிழவர் மடியில் வைத்த டிபன் பாக்ஸிலிருந்து தன் மனைவிக்கு ஒரு பூரியைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சுஹைப் அதையே பார்த்துக்கொண்டு வந்தான். ரூமானா அவனைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து உடை மாற்றி முகம் கழுவுவதற்குள் ஆப் மணியடித்தது. அவன் பழக்கதோஷத்தில் அடுப்படிக்குப் போய் ஜெயில் தட்டை எடுத்து மேஜையில் வைத்தான். அவள் காலையிலேயே ஊறவைத்திருந்த பயறில் சுண்டல் தாளித்து, இரண்டு சப்பாத்தி தேய்த்து, பாத்திரங்களோடும் தனக்கு ஒரு சாதாரணத் தட்டோடும் வந்தாள். வந்தவள் பரிமாறாமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“மச்சான், நீங்க ஊருக்கு வந்ததும் ஒண்ணு கேக்கறேன்னீங்க.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “அது இன்னுமா ஞாபகம் வெச்சிருக்க?”

“எனக்குத் தெரியும், அது என்னன்னு. திரும்ப ஜுபைலுக்குப் போவணும். அதான? கேட்டுடுங்க. உள்ள வெச்சிகிட்டு இப்புடி எளைக்காதீங்க. என்னால பாக்க முடியல.”

“ஜுபைலா?” சுஹைப் திகைத்துப்போனான். “பைத்தியமா உனக்கு? அங்க திரும்பப் போவறதுக்கா நான் அவ்ளோ தூரத்துலேந்து ஓடி வந்தேன்?”

“பின்ன ஏன் கேக்கல?”

“எப்புடிக் கேப்பேன்? வந்த வாரமே சர்க்கரைன்னுட்டாங்க. நீ கிராம் கணக்குப் பாத்து, தட்டு வாங்கி, எனக்காக ஓடி ஓடிச் செய்யற. அதுல போயி இத கேட்டா சின்னப் புள்ள மாதிரி இருக்குமேன்னு விட்டுட்டேன். நீ படற பாட்டுக்குக் கொற சொல்ற மாதிரியும் ஆயிடும்.”

“என்னன்னு சொல்லாம வெறுமன சொன்னா எப்புடி?”

போனில் ஆப் இரண்டாவது தடவை மணியடித்தது. அவன் அதை அணைத்துக் கவிழ்த்து வைத்தான்.

“அங்க அஞ்சு வருஷம் அந்த பாட்டில்ல போன சாச்சி வெச்சிகிட்டு உன்ன பாத்துகிட்டே சாப்பிட்டேன். நீ இந்தப் பக்கம் சாப்பிடுவ. ரெண்டு தட்டுக்கும் நடுவுல கடலு. அப்பல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் நெனப்பேன்.”

அவன் காது சிவந்திருந்தது. ஒரு கையால் தடுப்புத் தட்டை மெதுவாக ஓரம் தள்ளிவிட்டு, அவளுக்கு என்று வைத்திருந்த சாதாரணத் தட்டை இருவருக்கும் நடுவில் இழுத்து வைத்தான்.

“அளவு நீயே பாத்துப் போடு. சப்பாத்தி ஒண்ணுன்னா ஒண்ணுதான், நான் சண்ட போட மாட்டேன். நீ வர்ற வரைக்கும் பசிச்சாலும் இருந்துக்கறேன், இல்லன்னா என்ன செய்யலாம்னு நீயே சொல்லு. ஆனா எனக்குன்னு தனித் தட்டு வெக்காத, ரூமானா. உன் தட்டுல ஒரு ஓரம் குடு.”